மூன்று மாதத்துக்கு ஒரு கையெழுத்து

சென்ற வாரம் எதுவாரின் கட்டிலருகே ஜில்பேரை நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். ஒரு கையில் வைத்தியர் எழுதிக் கொடுத்த காகிதம். இன்னொரு கையில் அப்பாவின் கோட்டு.

"பப்பா, எழுந்திருங்க. பத்து மணிக்குள்ள போயிடணும்."

எதுவார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்று சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு, பத்திரம் எழுதும் நொத்தேர் அலுவலகத்தில், காசிலிங்கத்தின் முன்னால் மூவாயிரம் ரூபாயை வைத்தால் இந்த வீடு மறுபடியும் இவர்களுடையது. வைக்காவிட்டால் ஐந்தேகால் மணிக்கு இது காசிலிங்கத்தின் வீடு. நடுவில் வேறு வழி கிடையாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், பெரிய மகன் பிரான்சில் மர்சேய்க்குக் கப்பல் ஏறியபோது, எதுவார் வீட்டைக் காசிலிங்கத்துக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தார். மீட்டுக்கொள்ளும் உரிமையோடு எழுதிய கிரயம். பிரெஞ்சுச் சட்டத்தில் அதற்கு ரெமெரே என்று பெயர். விற்ற விலையை ஐந்து வருஷத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் வீடு திரும்பும். கெடு தப்பினால் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் திரும்பாது. பிள்ளை அங்கே போய்ப் பணம் அனுப்புவான் என்று நம்பிப் போட்ட கையெழுத்து அது. பிள்ளை வருஷப் பிறப்புக்கு வாழ்த்து அட்டை அனுப்பினான். நல்ல அட்டைகள்தாம். பனி மூடிய மலைப் படம் போட்டவை.

ஆகவே பாரம் இளையவன் தலையில் இறங்கியது. ஜில்பேருக்கு இருபத்தாறு வயது. பொதுப்பணி இலாகாவில் கட்டடப் படம் வரைகிறவன். நூற்று முப்பது ரூபாய்ச் சம்பளம். சைக்கிள் வாங்கவில்லை. செருப்பை மூன்று முறை தைத்துப் போட்டுக்கொண்டான். பெண் பார்க்கலாமா என்று கேட்டவர்களிடம், "வீடு திரும்பட்டும்" என்றான். இப்படியாக இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது சேர்ந்துவிட்டது. அலுவலகத்தில் முன்பணம் வாங்கலாம் என்றால், அதை டிசம்பரிலேயே அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கித் தீர்த்தாயிற்று. அஞ்செலின் காதுத் தோடும் அதே வழியில் போயிற்று.

மீதி இருநூற்று அறுபது ரூபாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அஜுதான் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற எதுவாரின் மூன்று மாதப் பென்ஷன் இருநூற்று எண்பத்தைந்து. அதை இன்று வாங்கலாம். எதுவார் நேரில் போய், தாம் உயிரோடு இருப்பதாகச் சான்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தக் கைதான் டிசம்பரில் பக்கவாதத்தில் விழுந்துவிட்டதே.

அஞ்செல் காப்பித் தம்ளரோடு உள்ளே வந்தாள். ஜில்பேரின் தங்கை. இருபது வயது. தாய் போன பிறகு இந்த வீட்டில் சிரிப்பு என்று ஒன்று மிச்சமிருந்தால், அது அவள் வாயில்தான்.

"என்னாண்ணே, அஜுதான் இன்னும் படுத்திருக்காரு? பட்டாளத்துல இந்த நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாராமா?"

"ரேகை வைக்கணும்னு சொன்னேன். திரும்பிப் படுத்துட்டாரு."

அஞ்செல் கேலியை நிறுத்தினாள். அப்பாவுக்கு ரேகை என்ற சொல் எப்படிச் சுடும் என்று அவளுக்குத் தெரியும்.

எதுவார் எழுத்து வாசனை இல்லாத வீட்டில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்தபோது அவரும் பெருவிரலைத்தான் மையில் தோய்த்தார். சைகோனில் ஒரு பாதிரியாரிடம் மன்றாடி எழுத்துக் கற்றுக்கொண்டு, அஜுதான் வரை உயர்ந்தார். அவர் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். முதல் எழுத்து காற்று வாங்கிய பாய்போலப் புடைத்து நிற்கும். பெயருக்கு அடியில் ஒரு கோடு ஓடும். கோட்டின் முனை நண்டுக் கொடுக்குப்போல மேலே சுழியும். ரேகை வைக்கும் சிப்பாய்களுக்கு அவர் வைத்த பெயர், பெருவிரல் பட்டாளம்.

டிசம்பர் மாதப் பென்ஷன் தவணையின்போது நடந்தது இந்தக் கதையை விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அஞ்செலுக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கு எதுவார் படுக்கையில் விழுந்து ஆறே நாள். "ரேகை வேண்டாம், வேண்டாம்" என்று அந்த மனுஷர் சின்னக் குழந்தையைப்போல அழுதார். ஜில்பேரால் தாங்க முடியவில்லை. பென்ஷன் அலுவலகத்துக்குப் போய், அப்பாவுக்கு ஜுரம் என்று சொல்லிக் காகிதத்தை வீட்டுக்கு வாங்கி வந்தான். கூடத்து மேசையில் உட்கார்ந்து அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டான். எந்தக் கோட்டையும் அளவு பிசகாமல் நேராக இழுக்கப் பழகிய கை. எதுவார் கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அப்பாவின் மானத்தைக் காக்கத்தான் அவன் அதைச் செய்தான். வாங்கிய பணமும் அப்பாவுக்குச் சேர வேண்டியதுதான். இதைச் சொல்லிச் சொல்லியே ஜில்பேர் தன் மனசைத் தூங்கப் போட்டிருந்தான்.

ஆனால் இரண்டாம் முறை செய்ய அவனுக்குத் துணிவில்லை. பாவத்துக்கு வருந்தும் தபசு காலம் வேறு. வைத்தியரிடம் போய், கை வராது என்று எழுதி வாங்கி வந்துவிட்டான். இம்முறை எல்லாம் நேர்மையாக நடக்கட்டும் என்று எண்ணினான்.

அஞ்செல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பப்பா, அம்மாவ இந்த வாசல் வழியாத்தான தூக்கிட்டுப் போனோம்? என்னை எந்த வாசல் வழியா அனுப்பப் போறீங்க?"

எதுவாரின் தோள் அசைந்தது. அவர் திரும்பினார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"கோ...ட்டு" என்றார்.

வாசலில் முத்துவின் புஸ்புஸ் வண்டி நின்றது. புதுச்சேரிக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் இருந்து ஆள் தள்ள வேண்டும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்தாம் கோலைப் பிடித்து வண்டியைத் திருப்ப வேண்டும். சைக்கிள் ரிக்‌ஷா வந்த பிறகு அதில் ஏறுகிறவர்கள் எதுவாரைப்போல நாலைந்து பழைய ஆட்கள்தாம்.

"கோலைக் கயித்தால கட்டிடறேன் அஜுதான். நீங்க சும்மா சாஞ்சுக்குங்க" என்றான் முத்து.

எதுவார் இடது கையை நீட்டிக் கோலைப் பிடித்தார். விடவில்லை.

"பாரு தம்பி, அஜுதான் என்னை நம்பமாட்டேங்குறாரு!" என்று முத்து சிரித்தான்.

ஜில்பேர் பக்கத்திலேயே நடந்தான். வீதி நேராகக் கிழக்கே போயிற்று. வண்டி ஒரு முழம்கூட விலகவில்லை. பெரிய வாய்க்கால் பாலத்தில் திரும்பும்போதும் எதுவாரின் இடது கை கோலைச் சரியாக வளைத்துக் கொடுத்தது.

"இடது கை நல்லாத்தான் பேசுது அஜுதான்" என்றான் முத்து.

எதுவாரின் வாயோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. கடற்காற்று முகத்தில் பட்டது. டிசம்பருக்குப் பிறகு முதன்முதலாக ஜில்பேருக்கு மூச்சு முழுதாக உள்ளே போயிற்று. சாயங்காலம் பத்திரத்தோடு வீட்டுக்கு வரலாம். அஞ்செலிடம் கொடுத்து, மாதா படத்துக்குக் கீழே வைக்கச் சொல்லலாம்.

பென்ஷன் நாள் என்றால் அந்த அலுவலகத்து முற்றம் திருவிழாதான். சைகோனையும் ஹனோயையும் பார்த்த கிழவர்கள், மடிப்புக் கலையாத சட்டையில், பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தார்கள். எதுவாரை ஜில்பேரும் முத்துவும் இரண்டு பக்கமும் தாங்கி இறக்கியபோது பேச்சு சட்டென்று நின்றது.

ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். கறுத்த, மெலிந்த மனிதர். கையில் பழைய குடை. நோணாங்குப்பத்திலிருந்து நடந்தே வருகிற சுப்ரமணி. சைகோனில் எதுவாரின் கீழே சிப்பாயாக இருந்தவர்.

"போஞ்சூர், அஜுதான்!" என்று விறைப்பாக நின்று சலாம் வைத்தார். பிறகு ஜில்பேரிடம் திரும்பினார். "தம்பி, உங்கப்பா சைகோன்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டதே இல்ல, தெரியுமா? 'ஏ பெருவிரல், இங்க வா'ம்பாரு. ஒரு நாள் என் கல்யாணக் கடுதாசியில நான் வச்ச ரேகைய எல்லாருக்கும் காட்டி, 'பாருங்கடா, மாப்பிள்ளை எழுதலை, மாப்பிள்ளை விரலு எழுதியிருக்குது'ன்னாரு. பட்டாளமே சிரிச்சுது."

எதுவார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தேவதாஸ். ஐம்பது வயதுக் குமாஸ்தா. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தம் நாற்காலியையே எடுத்து முன்னால் போட்டார்.

"உட்காருங்க அஜுதான். சிரமப்பட்டு வந்திருக்கீங்க. ரேகைதான?"

மைப்பெட்டியைத் திறந்தார். முற்றத்துக் கண்களெல்லாம் இந்தப் பக்கம் திரும்பின.

அப்போது பக்கத்தில் 'சடக்'கென்று ஒரு சத்தம். சுப்ரமணி குடையை விரித்தார். மேசைக்கும் முற்றத்துக்கும் நடுவில் அந்தக் கறுப்புக் குடை சுவர்போல நின்றது.

"என்னாய்யா, வீட்டுக்குள்ள குடை பிடிக்கிற?" என்று எவரோ கத்தினார்கள்.

"கம்பி ஒடஞ்சிருக்குதான்னு பார்க்கிறேன். உனக்கு என்னா?" என்ற சுப்ரமணி, குனிந்து எதுவாரின் காதில் மெல்லச் சொன்னார்: "அழுத்தாதீங்க அஜுதான். இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரத்துக்கு உருட்டணும். அவ்வளவுதான். நான் முப்பது வருஷமா பழகினவன்."

உணர்வில்லாத அந்த வலது கையைச் சுப்ரமணியே எடுத்து, பெருவிரலை மையில் தோய்த்து, காகிதத்தில் உருட்டினார். தேவதாஸ் தம் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். ஊதா நிறம் முழுதும் போகவில்லை.

எதுவார் சுப்ரமணியை நிமிர்ந்து பார்த்தார். "சுப்...ர...மணி" என்றார்.

சுப்ரமணி குடையை மெல்ல மடக்கினார்.

முடிந்தது என்று ஜில்பேர் நினைத்தான். வைத்தியரின் காகிதத்தைத் தேவதாஸிடம் கொடுத்தான். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்க்குள் படித்தார். பிறகு ஒரு வரியில் நின்றார். மறுபடி அதே வரியைப் படித்தார். எழுந்து போய், அலமாரியிலிருந்து எதுவாரின் காகிதக் கட்டை எடுத்து வந்து பிரித்தார்.

"தம்பி, டிசம்பர் மூணாந்தேதியிலேர்ந்து வலது கையில அசைவே கிடையாதுன்னு எழுதியிருக்காரு."

"ஆமாங்கய்யா."

தேவதாஸ் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். டிசம்பர் ஒன்பதாம் தேதியிட்ட சான்று. அதில் காற்று வாங்கிய பாய்போல எதுவாரின் கையெழுத்து நின்றது.

வைத்தியரின் காகிதத்தை ஜில்பேர் நேற்றிலிருந்து மூன்று முறை படித்திருந்தான். ஒரு சுவரின் அளவைக்கூட இருமுறை சரிபார்க்கிறவன் அவன். ஆனால் அந்தத் தேதி அவன் கண்ணில் படவில்லை. டிசம்பர்க் கையெழுத்தை அவன் அவ்வளவு ஆழத்தில் புதைத்திருந்தான்.

"ஜுரம்னு சொன்னீங்க" என்றார் தேவதாஸ். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "பாவம், வயசானவரு, அலைய வைக்க வேணாம்னு நானும் காகிதத்த உங்ககிட்ட கொடுத்தனுப்பினேன். 'என் முன்னால் கையெழுத்திட்டார்'னு கீழே நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பாருங்க."

ஜில்பேர் பார்த்தான். அவன் இரக்கத்துக்கு அடியில் இன்னொருவரின் இரக்கம் கையெழுத்திட்டிருந்தது. இரண்டும் பொய்.

"அதோட இதப் பாருங்க. உங்கப்பா கையெழுத்துக்கு அடியில போடுற கோட்டுக்கு ஒரு சுழி உண்டு. இதுல கோடு அளவுகோல் வச்சு இழுத்த மாதிரி போயிருக்குது. அன்னிக்கு எனக்குத் தெரியலை."

"என்... கை."

இருவரும் திரும்பினார்கள். எதுவார் இடது கையைத் தூக்கியிருந்தார். அந்தக் கையால் தம் மார்பைத் தொட்டார். பிறகு டிசம்பர்க் காகிதத்தைத் தொட்டார்.

"இந்த... கை. நான்."

தேவதாஸ் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்தினார். சோதிக்கவா, நம்ப விரும்பியா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

எதுவார் அந்த டிசம்பர்க் கையெழுத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவை இடது முஷ்டியில் பிடித்து அழுத்தினார். கோடு எழும்பியது, சாய்ந்தது, வழி தெரியாமல் ஓடியது. நிப்பு தாளைக் கிழித்தது. மறுபடி வைத்தார். மறுபடி கிழிந்தது. நெற்றியில் வியர்வை கொட்டியது.

"பப்பா, போதும்" என்றான் ஜில்பேர். "ஐயா, அந்தக் கையெழுத்து..."

"வேணாம்!" தேவதாஸ் கையைக் காட்டித் தடுத்தார். "நீங்க இப்ப எதைச் சொன்னாலும் நான் எழுதிக்கணும். உள்ள மேலதிகாரி இருக்காரு. எனக்கும் மூணு பொண்ணுங்க." மூச்சு வாங்கினார். "திங்கட்கிழமை பத்து மணிக்கு அப்பாவோட வாங்க. மூணு பேருமா மேலதிகாரிகிட்டப் போவோம். அங்க கேப்பாங்க. அப்பச் சொல்லுங்க. அதுவரைக்கும் இது என் மேசையில பூட்டியிருக்கும்."

"இன்னிக்குப் பணம்?"

"எப்படித் தம்பி கொடுப்பேன்?"

"வீடு போயிடுங்கய்யா. சாயங்காலம் அஞ்சு மணியோட போயிடும்."

தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்துக் கவிழ்த்தார். பதினேழு ரூபாய் இருந்தது. அதை ஜில்பேரின் கையில் திணித்தார். சுப்ரமணியும் தம் மடியை அவிழ்த்தார். அப்போதுதான் வாங்கிய தம் பென்ஷனிலிருந்து நாலு பத்து ரூபாய்த் தாளை உருவிப் பதினேழின் மேல் வைத்தார்.

"வேணாம் மாமா. இது போதாது. இதுனால ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. வச்சுக்க."

இந்த உலகத்தில் நல்ல மனசுக்குக் குறைவு வந்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு அது இருநூற்று மூன்று ரூபாய் குறைவாக இருந்தது.

திரும்பும்போது எதுவார் கோலைத் தொடவில்லை. முத்து அதைக் கயிற்றால் கட்டினான். வீட்டு வாசலில் ஜில்பேர் கூலியை நீட்டியபோது, "திங்கட்கிழமையும் வரணும்ல, சேத்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் அதைச் சேர்த்தும் வாங்கமாட்டான் என்று ஜில்பேருக்குத் தெரியும்.

மதியம் ஜில்பேர் நாலு வாசல் ஏறி இறங்கினான். மாதத்தின் நடுவில், சனிக்கிழமை மதியத்தில், இருநூறு ரூபாய் எந்தச் சம்பளக்காரன் வீட்டில் இருக்கும்? ஒருவர் முப்பது தருவதாகச் சொன்னார். இன்னொருவர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

நாலே முக்காலுக்கு நொத்தேர் அலுவலகம். காசிலிங்கம் முன்னதாகவே வந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அரிசி மண்டிக்காரர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. ஜில்பேரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லைங்க. பணம் கொஞ்சம் குறையுது. ரெண்டாயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தேழு இருக்குது. மீதிக்குப் பத்து நாள் கொடுங்க. எழுதித் தர்றேன்."

காசிலிங்கம் மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

"தம்பி, அஞ்சு வருஷமா உங்க அண்ணன் ஒரு காசு அனுப்பலை. நீங்க ஒத்தை ஆளா இம்மாம் பணம் சேர்ப்பீங்கன்னு நான் நெனைக்கலை. அது என் தப்புதான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன மாசம் என் பொண்ணுக்குப் பரிசம் போட்டோம். இந்த வீட்டை அவ பேருக்கு எழுதித் தர்றதா வாக்குக் கொடுத்துட்டேன். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசலைப் பார்க்க வர்றாங்க. ஒரு வாரத்துக்கு முன்னால இந்தப் பணத்தைக் காட்டியிருந்தா எப்படியாவது பேசியிருப்பேன். இப்ப அந்தப் பொண்ணு கல்யாணத்த என்னா சொல்லி நிறுத்துவேன்?"

காசிலிங்கத்தைத் திட்ட ஒரு காரணம் கிடைத்திருந்தால் ஜில்பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுகூடக் கிடைக்கவில்லை.

"வைகாசி வரைக்கும் இருங்க. வாடகை வேணாம். படுக்கையில இருக்கிறவரைத் தூக்கிட்டு எங்க போவீங்க?"

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. நொத்தேரின் குமாஸ்தா பத்திரத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினான். அவ்வளவுதான். பணப் பை அப்படியே ஜில்பேரின் மடியில் இருந்தது. ஐந்து வருஷத்து மிச்சம். இனி அதை எதற்காகச் சேர்த்தோம் என்று சொல்ல ஒரு பெயர் இல்லாத பணம்.

அவன் வீதிக்கு வந்தபோது சம்பா கோவில் தேவாலயத்தில் மணி அடித்தது. உள்ளே போகத் தோன்றியது. வாசற்படிவரை போனான். திங்கட்கிழமை பத்து மணிக்கு என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் உள்ளே போகக் கூசியது. அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டான்.

வீட்டு வாசலில் அஞ்செல் காத்திருந்தாள். அவன் கையில் பத்திரம் இல்லை என்பதை அவள் முதலில் பார்த்தாள். பையின் கனம் குறையவில்லை என்பதை அடுத்துப் பார்த்தாள்.

"சரி, வா. கை காலைக் கழுவிட்டுச் சாப்பிடு" என்றாள். குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "இந்த வீட்டுல மழைக்கு ஒழுகாத இடம் எதுன்னு நமக்குத்தான் தெரியும். பாவம், காசிலிங்கம் வீட்டுக்காரங்க தேடிக் கண்டுபிடிக்கட்டும்."

ஜில்பேர் சிரிக்க முயன்றான். வரவில்லை.

"பப்பா எப்படி இருக்காரு?"

"அதான் எனக்கும் புரியலை. நீ போனதும் ஜாடை காட்டி என் பழைய சிலேட்டைக் கேட்டு வாங்கிட்டாரு. சாப்பிடக்கூட இல்ல. எழுதுறாரு, அழிக்கிறாரு, எழுதுறாரு. நான் கிட்டப் போனா தலையணைக்கு அடியில ஒளிச்சுக்குறாரு. அண்ணே, கை போன மனுஷன் இப்ப எதுக்கு எழுதக் கத்துக்குறாரு?"

ஜில்பேர் செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் போனான்.

எதுவார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மங்கிய வெளிச்சத்தில் மகன் வந்ததை அவர் கவனிக்கவில்லை. சிலேட்டு மடியில் இருந்தது. ஊதாக் கறை படிந்த வலக்கைப் பெருவிரல் அதன் ஓரத்தில் உயிரில்லாமல் கிடந்தது. இடது கை எழுதிக்கொண்டிருந்தது.

எழுத்து இன்னும் கோணல்தான். முதல் எழுத்தில் பாய் விரியவில்லை. ஆனால் காலையில் தாளைக் கிழித்த கை இல்லை இது.

பெயரை முடித்து, அடியில் கோட்டை இழுத்தார். ஜில்பேர் அந்தக் கோட்டின் முனையைப் பார்த்தான். வாழ்நாள் முழுதும் அப்பா போட்டு வந்த சுழி அங்கே இல்லை. சுழிக்கத் துடித்த விரலை எதுவார் அடக்கி, கோட்டை நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி. டிசம்பரில் ஜில்பேர் இழுத்த மாதிரி.

அப்பா தம் கையெழுத்தைப் பழகவில்லை. மகனுடைய கையெழுத்தைப் பழகிக்கொண்டிருந்தார்.

பெருவிரல் வைக்க மறுத்து அழுத மனிதர், இன்று எல்லாருக்கும் நடுவில் பெருவிரல் வைத்தார். பொய் சொல்லத் தெரியாதவர், திங்கட்கிழமைக்குள் ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டுவிடப் பார்க்கிறார். எல்லாம் யாருக்காக?

எதுவார் நிமிர்ந்தார். மகனைப் பார்த்ததும் சிலேட்டைத் தலையணைப் பக்கம் தள்ளினார். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. முகத்திலேயே படித்துவிட்டார். டிசம்பரிலிருந்து பேசாமல் இருந்த அந்த ஒரு பேச்சு இருவருக்கும் நடுவில் நின்றது. இருவரும் அதைத் தொடவில்லை.

"வெளி...ச்சம்" என்றார் எதுவார்.

அஞ்செல் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தாள். அதை அப்பாவின் இடப்பக்கம் வைக்கக் குனிந்தாள். ஜில்பேர் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான்.

"அண்ணே, சொல்லு. என்னா நடக்குது இங்க?"

அவன் கட்டிலைச் சுற்றிப் போனான். இடது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் வலப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழலே எழுத்தின் மேல் விழும். படம் வரைகிறவனுக்கு அது தெரியும்.

விளக்கை அப்பாவின் வலப்பக்கத்தில், அந்தச் செத்த கைக்குப் பக்கத்தில், வைத்தான். வைத்த பிறகும் அவன் விரல்கள் அதை விட்டு வரவில்லை.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.